எனக்காக எழுதப்பட்ட நன்றியுரை

இன்ஜினியரிங் படித்த நாலு வருஷத்தில் எனக்கு எத்தனையோ பேர் உதவி செய்தார்கள். அதில் பாதிப் பேரைத் தடுத்து நிறுத்த யாராவது உதவியிருந்தால் இன்னும் நன்றாகப் படித்திருப்பேன்.

நான் நெல்பேட்டை முஸ்லிம் பெண்; எங்கள் வீட்டில் அப்பாவை அத்தா என்போம். அத்தாவுக்கு விளக்குத்தூண் பக்கம் சின்னதாக ஒரு துணிக்கடை. நைட்டி, உள்பாவாடை, கைக்குட்டை. சமயநல்லூர் தாண்டி, திண்டுக்கல் ரோட்டை ஒட்டியிருந்த ஒரு தனியார் கல்லூரியில் எலக்ட்ரிக்கல் எடுத்தேன். கம்ப்யூட்டர் எடுத்தால் ஏசியில் உட்கார்ந்து சம்பாதிக்கலாமே என்று சொந்தக்காரர்கள் முறை வைத்து வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். எனக்கு மோட்டார் பிடிக்கும். சும்மா கிடக்கிற இரும்பு, சுவிட்சைப் போட்டதும் சுற்றுகிறதே, அதைச் சின்ன வயதிலிருந்து வாயைப் பிளந்து பார்த்தவள் நான். அத்தா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "ஷாக் கீக் அடிக்காதுல்ல?" அடிக்காது என்றேன். மறுநாளே என்னைக் கூட்டிப் போய்ச் சேர்த்துவிட்டார்.

அந்தக் கல்லூரியில் என்னைப் போன்றவர்களைக் கைதூக்கிவிட ஒரு குழு இருந்தது. 'விங்ஸ்' என்று பெயர். முஸ்லிம் பெண்கள், தாழ்த்தப்பட்ட வகுப்புப் பிள்ளைகள், வீட்டிலேயே முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள் எல்லோரையும் அதில் சேர்த்துவிடுவார்கள். சேர்கிறாயா என்று யாரும் கேட்க மாட்டார்கள். ஒரு நாள் நோட்டீஸ் போர்டில் நம் பெயர் இருக்கும், அவ்வளவுதான். அன்றிலிருந்து வகுப்புப் பையன்கள் எங்களைக் கண்டால் "கோழி வருதுடா" என்பார்கள். சிறகு இருக்கும், பறக்காது என்று விளக்கமும் கொடுப்பார்கள். அவர்களைக்கூட நான் மன்னித்துவிட்டேன். அவர்கள் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருந்தது.

குழுவைக் கவனித்துக்கொண்டது ஆங்கிலம் நடத்திய மேடம். கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம். இவர் எங்களைக் காரிடாரில் பார்த்தால் நின்று, கன்னத்தைத் தட்டி, "எவ்ளோ கஷ்டப்பட்டு வர்றீங்க, பாவம்" என்பார். நான் காலேஜ் பஸ்ஸில் ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து, பாதி வழி தூங்கிக்கொண்டு வருகிறவள். அதை அவரிடம் சொன்னால் முகம் வாடிவிடும் என்று சிரித்து வைப்பேன்.

விங்ஸ் எங்களுக்கு என்ன கொடுத்தது? பேச்சு கொடுத்தது. மாதத்துக்கு ஒரு முறையாவது யாராவது கோட்டுப் போட்டவர் வந்து, கண்ணை மூடிக்கொண்டு மலை உச்சியில் நிற்பதாக நினைத்துக்கொள்ளச் சொல்வார். மேலே நிற்கிற நினைப்பில் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். பிறகு ஒரு சமோசா, ஒரு டீ, ஒரு குரூப் போட்டோ. இதெல்லாம் பெரும்பாலும் எங்கள் லேப் நேரத்தில்தான் நடக்கும். மற்ற வகுப்பை விட்டால் பாடம் போய்விடுமாம். லேப் போனால் பரவாயில்லையாம். எலக்ட்ரிக்கல் படிக்க வந்தவர்களுக்கு இப்படி ஒரு கரிசனம்.

லேப்பில் நடந்ததைத் தனியாகச் சொல்ல வேண்டும். மெஷின்ஸ் லேப் என்பது மோட்டார்களும் ஜெனரேட்டர்களும் தரையில் போல்ட் போட்டு நிற்கிற பெரிய கூடம். ஒரு மேஜைக்கு ஆறு பேர். முதலில் படம் வரைய வேண்டும். அதன்படி ஒயர்களை மாட்ட வேண்டும். சார் வந்து பார்த்ததும் சுவிட்சைப் போட்டு, மீட்டரில் முள் காட்டுவதைக் குறித்துக்கொள்ள வேண்டும். எங்கள் மேஜையில் பையன்கள் நாலு பேர், நான், என் தோழி. முதல் நாளே, யாரும் யாரையும் கேட்காமல் வேலை பிரிந்துவிட்டது. பையன்கள் ஒயர் மாட்டுவார்கள், நாங்கள் ரீடிங் எழுதுவோம், எழுதி முடித்ததும் பையன்கள் அதைப் பார்த்து அப்படியே தங்கள் நோட்டில் ஏற்றிக்கொள்வார்கள். பெண் பிள்ளைகளுக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பது காரணமாம். என் கையெழுத்தை மருந்துக்கடைக்காரரால்தான் படிக்க முடியும். வேறு கல்லூரிகளில் படித்த பெண்களை விசாரித்தபோது, அங்கேயும் எல்லோரும் இப்படி எழுதித்தான் இன்ஜினியர் ஆகியிருந்தார்கள்.

என் தோழி விளாங்குடிக்கு அந்தப் பக்கம் ஒரு காலனியிலிருந்து வருபவள். அவள் அப்பா குட்டியானை வண்டியில் லோடு அடிப்பவர். அவர்கள் தெருவில் இன்ஜினியரிங் வரைக்கும் வந்த முதல் ஆள் இவள்தான். அதிகம் பேச மாட்டாள். பேசினால் நறுக்கென்று இருக்கும்.

மூன்றாம் வருஷத்தில் சீனியர்கள் ஒரு விஷயம் சொன்னார்கள். கடைசி வருஷம் ஆள் எடுக்க வருகிற கம்பெனிகளில் கோயம்புத்தூர் பம்ப் மோட்டார் கம்பெனி ஒன்று மட்டும் வித்தியாசமானதாம். புதிர்க் கணக்கும் கிடையாது, குழுவாக உட்கார்ந்து கத்துவதும் கிடையாது. நேரே லேப்புக்குள் கூட்டிப் போய், ஒரு மோட்டார் முன்னால் நிறுத்தி, மாட்டி ஓட்டிக் காட்டு என்பார்களாம். ஓட்டிக் காட்டினால் வேலை. எனக்கு அந்த ஒரு கம்பெனிதான் கணக்கு. அது போனால் சென்னையில் எங்காவது உட்கார்ந்து, யாரோ ஒருவருடைய கிரெடிட் கார்டுக் குறையைப் போனில் கேட்கிற வேலைதான் என்று தெரியும். இது மூன்றாவது வருஷம். என் கையால் ஒரு மோட்டாரைக்கூட ஓட்டியதில்லை.

இதற்குத்தானே குழு இருக்கிறது என்று இரண்டு பேரும் மேடத்திடம் போனோம்.

"மேடம், வேற ஒண்ணும் வேண்டாம். சாயங்காலம் கொஞ்ச நேரம் லேபைத் தொறந்து விடச் சொல்லுங்க. நாங்களே மாட்டிப் பழகிக்கிறோம்" என்றேன்.

மேடம் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "கரண்ட்டும்மா! ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா உங்க வீட்டுக்கு யாரு பதில் சொல்றது? அதோட காலேஜ் பஸ் போயிடுமே. நீங்க எப்படிப் போவீங்க? கவலைப்படாதீங்க, உங்க ரெண்டு பேருக்காகவே ஒரு கான்ஃபிடன்ஸ் செஷன் ஏற்பாடு பண்றேன்."

ஏற்பாடு செய்தார். காலேஜ் பஸ் போன பிறகு. தன்னம்பிக்கையை அள்ளிக்கொண்டு, டவுன் பஸ்ஸில் ஆரப்பாளையம் வரைக்கும் நின்றுகொண்டே வந்தோம்.

அந்தப் பஸ்ஸில்தான் தோழி கேட்டாள். "ஏ, நாம எழுதலைன்னா இவனுக என்னத்தப் பார்த்து எழுதுவானுக?"

அடுத்த லேப்பில் இரண்டு பேரும் பேனாவை மூடி வைத்துவிட்டு நின்றோம். மோட்டார் ஓடுகிறது, முள் ஆடுகிறது, எழுத ஆள் இல்லை. எங்கள் மேஜைப் பையன் ஒருத்தன், நல்லவன்தான், கெஞ்சினான்.

"தாயே, மணியாகுது. எழுது."

"ஒயரக் குடு, எழுதுறேன்."

"அம்புட்டுத் திமிரா?"

"அம்புட்டுத்தான்."

அந்த வாரம் அவர்களே எழுதினார்கள். அழகான எழுத்துதான். ஆனால் வோல்ட்டை ஆம்பியர் இடத்தில் எழுதி, ஆம்பியரை எழுதவே மறந்திருந்தார்கள். சார் நாலு நோட்டையும் திருப்பிக் கொடுத்துவிட்டார். அதற்கடுத்த வாரம் ஒயர்க்கட்டை என் முன்னால் போட்டு, "இந்தா, தின்னு" என்றான் அதே பையன்.

தின்றேன். முதல் தடவை ஆம்பியர் மீட்டரைத் தப்பாகக் குறுக்கே மாட்டி, டப்பென்று ஃபியூஸ் போனது. கூடமே திரும்பிப் பார்த்தது. அதே கூடத்தில் வாராவாரம் பையன்கள் ஃபியூஸை எரிப்பார்கள். அப்போதெல்லாம் லேப் சார், "என்ன மாப்ள, தீபாவளியா?" என்று சிரிப்பார். நான் எரித்ததற்குச் சிரிக்கவில்லை. "இதுக்குத்தான் பொம்பளப் பிள்ளைகளை எழுதச் சொல்றது" என்றார். பெண் எரித்தால் மட்டும் ஃபியூஸ் கம்பிக்கு வலிக்கும்போல.

விடவில்லை. எரித்து எரித்தே கற்றுக்கொண்டோம். தோழி என்னைவிட வேகமாகப் பிடித்துக்கொண்டாள். எந்த ஒயர் எங்கே போகிறது என்று விரலால் தொட்டுக்கொண்டே போய், ஒரு சுற்று சரிபார்த்த பிறகுதான் சாரைக் கூப்பிடுவாள். லேப் சார் மேடத்திடம் புகார் சொன்னார், அந்த ரெண்டு பிள்ளைகளும் பையன்களோடு அனுசரித்துப் போகிறதில்லை என்று. மேடம் எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து, எங்கள் பின்னணிக்கு இப்படிக் கோபம் வருவது இயற்கைதான் என்று ஆறுதல் சொன்னார். கோபத்தைக் கட்டுப்படுத்துவது பற்றி இன்னொரு கோட்டுக்காரர் வந்தார். அதுவும் லேப் நேரத்தில்தான்.

கடைசி வருஷம் வந்தது. கம்பெனி வருகிற தேதியும் வந்தது. அதே நாளில் விங்ஸின் ஆண்டு விழா. சென்னையிலிருந்து சிறப்பு விருந்தினர் வருகிறார், பெற்றோர்களைக் கூப்பிடுகிறார்கள், நாங்கள் எல்லோரும் ஒரே மாதிரி வானநீலச் சேலை கட்ட வேண்டும். நான் நன்றியுரை வாசிக்க வேண்டும். அதை மேடமே எழுதி வைத்திருந்தார். வாங்கிப் படித்தேன். 'என் வீட்டில் யாரும் நான் படிப்பதை விரும்பவில்லை. என் தந்தை எனக்குத் திருமணம் செய்துவைத்துவிடத் துடித்தார். விங்ஸ் இல்லையென்றால் இன்று நான் நான்கு சுவர்களுக்குள் இருந்திருப்பேன்.'

"மேடம், எங்க அத்தா இப்படி இல்ல. அவருதான் என்னைச் சேர்த்துவிட்டாரு."

"தெரியும்மா. இது உனக்காக மட்டுமா? உன்னை மாதிரி எத்தனையோ பிள்ளைங்களுக்காகப் பேசுற. கொஞ்சம் எமோஷனலா இருந்தாத்தான் கேக்குறவங்க மனசைத் தொடும்." அப்படியே தோழி பக்கம் திரும்பினார். அவளுக்கும் ரெண்டு வரி இருந்தது. "உங்க அப்பா குடிப்பாரா?"

"இல்ல மேடம்."

"கொஞ்சம்கூடவா?"

"கொஞ்சம்கூட இல்ல மேடம்" என்றாள் தோழி. ஏதோ அவள் அப்பா குடிக்காமல் இருந்து விழாவைக் கெடுத்துவிட்டது போல மேடம் பெருமூச்சு விட்டார்.

அன்றைக்குக் கம்பெனி வருகிறதே என்று கேட்டேன். "அதெல்லாம் நான் ப்ளேஸ்மென்ட்ல பேசி, விங்ஸ் கேர்ள்ஸ் எல்லாருக்கும் விலக்கு வாங்கிட்டேன். ஃபேக்டரி வேலை உங்களுக்கு எதுக்கும்மா?" என்றார், பெரிய உபகாரம் செய்த திருப்தியோடு. நன்றியுரையை மேடம் மேஜையில் வைத்துவிட்டு வெளியே வந்தேன். வாயைத் திறந்திருந்தால் அந்தக் கோட்டுக்காரரை மறுபடியும் கூப்பிட வேண்டியிருந்திருக்கும்.

விழாவுக்கு வீட்டில் யாரையும் கூப்பிடாமல் வந்த எங்களை, அன்று நீலச் சேலையில் வரிசையில் நிறுத்தினார்கள். சிறப்பு விருந்தினர் கார் வாசலுக்கு வந்ததும் எல்லோரும் மாலையும் மேளமுமாக அந்தப் பக்கம் திரும்பினார்கள். நாங்கள் இந்தப் பக்கம் நடையைக் கட்டினோம். லேப் வாசலில் ப்ளேஸ்மென்ட் சார் கையை நீட்டி மறித்தார். "உங்களுக்கு விலக்கு இருக்கேம்மா?"

"அந்த விலக்கை நீங்களே வெச்சுக்கங்க சார்" என்றாள் தோழி.

உள்ளேயிருந்து கம்பெனி ஆள் எட்டிப் பார்த்தார். கோயம்புத்தூர்க்காரர், கையில் கிரீஸ் மசி ஒட்டிய பழைய கைக்குட்டை. "என்னங்க அங்க? ஆசைப்பட்டு வந்தவங்கள எதுக்குங்க நிறுத்தறீங்க? வாங்கம்மா. அந்தச் சேலையை மட்டும் நல்லா இழுத்துச் சொருகிக்கங்க, மோட்டாருக்கு இரக்கமெல்லாம் கிடையாது."

நாலு வருஷத்தில் அந்தக் கல்லூரிக்குள் நான் கேட்ட மிக மரியாதையான பேச்சு அதுதான்.

எனக்கு ஒரு த்ரீ ஃபேஸ் மோட்டார். மாட்டிக்கொண்டிருக்கும்போதே விழா அரங்கத்து ஒலிபெருக்கி அலறத் தொடங்கியது. அடுத்து நன்றியுரை என்றார்கள். என் பெயரைச் சொன்னார்கள். நான் இங்கே நிற்கிறேன், அங்கே கைதட்டல் கேட்கிறது. பிறகு ஒரு சின்னக் குரல் என் பெயரைத் தன் பெயராகச் சொல்லி, 'என் வீட்டில் யாரும் நான் படிப்பதை விரும்பவில்லை' என்று வாசிக்க ஆரம்பித்தது. என் கை அப்படியே நின்றுவிட்டது.

"ஏ, அதக் கேக்காத. ஒயரப் பாரு" என்றாள் பக்கத்து மோட்டாரில் நின்ற தோழி.

பார்த்தேன். மாட்டி முடித்து சுவிட்சைப் போட்டதும் மோட்டார் ஓடியது, ஆனால் எதிர்ப்பக்கமாகச் சுற்றியது. "இது பம்ப்ல இருந்தா என்னாகும்?" என்றார் கம்பெனிக்காரர். "தண்ணி ஒழுங்கா ஏறாது சார்" என்றேன். முதலில் சுவிட்சை அணைத்தேன். மோட்டார் முழுசாக நிற்கிற வரைக்கும் காத்திருந்து, இரண்டு ஒயர்களை இடம் மாற்றி, மறுபடி போட்டேன். சரியாகச் சுற்றியது. அவர் மோட்டாரைப் பார்க்கவில்லை. நான் அணைத்துவிட்டுத் தொட்டதைத்தான் பார்த்ததாகப் பிறகு சொன்னார். சாயங்காலம் முடிவு சொன்னபோது என் பெயரும் இருந்தது, தோழி பெயரும் இருந்தது. இரண்டு பேரும் லேப் படிக்கட்டில் உட்கார்ந்து, நீலச் சேலையில் மூக்கைச் சிந்திக்கொண்டு அழுதோம்.

என் இடத்தில் யார் பேசினார்கள் என்பது மறுநாள்தான் தெரிந்தது. முதல் வருஷப் பெண் ஒருத்தி, என்னைப் போலவே தலையில் முக்காடு போட்டவள், கேன்டீன் பக்கம் என்னைத் தேடி வந்தாள். உயரத்தில் என் தோளுக்குக்கூட வர மாட்டாள். நிறம் வேறு, முகம் வேறு, குரல் வேறு. முக்காடு ஒன்றுதான் பொருத்தம். மேடத்துக்கு அது போதுமாக இருந்திருக்கிறது.

"அக்கா, நீங்க இல்லைன்னதும் மேடம் என்னை நிக்கச் சொல்லிட்டாங்க. பேப்பரைக் கையில குடுத்து அப்படியே படின்னாங்க. எங்க அத்தா வந்திருந்தாருக்கா. ரெண்டாவது வரிசைல உக்காந்திருந்தாரு." கொஞ்சம் தண்ணீர் குடித்த பிறகு, "நேத்துலருந்து எங்கிட்டப் பேசவே இல்லக்கா" என்றாள்.

அன்றைக்கே அவளோடு அவர்கள் வீட்டுக்குப் போனேன். கீழவாசல் பக்கம் சைக்கிள் டயர்க் கடை வைத்திருக்கிறவர் அவள் அத்தா. சலாம் சொல்லி, அத்தா கடையைச் சொல்லி, என் பெயரைச் சொன்னதும் நிமிர்ந்து பார்த்தார். மேடையில் கேட்ட பெயர் அல்லவா.

"மாமா, அந்தப் பேச்சு உங்க மகளோடது இல்ல. எனக்குன்னு எழுதுனது. நான் போகலைன்னதும் இவளைப் பிடிச்சு நிறுத்திட்டாங்க."

"அப்ப உங்க அத்தாதான் படிக்க விடாதவரா? விளக்குத்தூண்ல கடை வெச்சிருக்காரே, அவரா? நல்ல மனுசன்னுல்ல நெனச்சிருந்தேன்."

"ஐயோ, இல்ல மாமா. எங்க அத்தாவும் அப்படி இல்ல. அப்படி ஒரு ஆளே கிடையாது. அது மேடம் கட்டுன கதை."

"கதையா?" என்றார். மகளைப் பார்த்தார். அவள் சுவரோடு ஒட்டி நின்று விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

"பேரு வேறயாத்தான் சொன்னாங்க, அப்ப அத நான் பெருசா எடுத்துக்கல. எம்மக நிக்கிறா, எம்மக பேசுறா, அதுதான் கேட்டுச்சு. முடிஞ்சதும் அம்புட்டுப் பேரும் எந்திரிச்சு நின்னு கைதட்டுனாங்கம்மா. நானும் தட்டுனேன். தட்டாம உக்காந்திருந்தா, அந்த அத்தா நான்தான்னு பக்கத்துல இருக்கவங்களுக்குத் தெரிஞ்சு போயிரும்ல."